வீவக வீட்டில் மக்கு உரம்: சருகு சேர்த்த பிறகு வாளி வாங்குங்கள்

தாழ்வாரத்தில் இருக்கும் ஒரு கறிவேப்பிலைச் செடிக்காகத்தான் சமையலறைக் கழிவை மக்க வைத்து உரமாக்கும் இந்த வேலையில் இறங்கினேன். இலை வெளிறி, கொழுந்தே விடாமல் நின்றுவிட்டது. கடையில் வாங்கிய உரம் ஒரு மாதம் கைகொடுத்தது, அப்புறம் மறுபடியும் அதே நிலை. ஊரில் அம்மா கொல்லைக் குழியில் எல்லாவற்றையும் கொட்டி, ஆறு மாதம் கழித்து வெட்டி எடுப்பார். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டின் எட்டாவது மாடியில் ஒரு வாளிக்குள் அதையே செய்துவிடலாம் என்று நம்பினேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் அடியில் கறுப்புத் தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். எதிர்வீட்டு ஆன்ட்டி இரண்டு நாள் கதவையே திறக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன்.

இரண்டாவது வாளியும் அப்படித்தான் கெட்டது. மூன்றாவது வாளியில்தான் காரணம் பிடிபட்டது. கொல்லைக் குழியில் மிஞ்சிய நீரை மண் குடித்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் அது எங்கேயும் போக வழியில்லை. காய்கறிக் கழிவில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர். சிங்கப்பூர்க் காற்றோ எப்போதும் ஈரம். ஆகவே இங்கே நமக்குத் தட்டுப்பாடு காய்ந்த பொருளுக்குத்தான். அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு தொடங்கினால் நாற்றமும் இல்லை, புழுவும் இல்லை, அக்கம்பக்கத்தில் சங்கடமும் இல்லை.

எனக்கு ஆன செலவு மொத்தம் 45 சிங்கப்பூர் வெள்ளிக்குள். தினம் ஐந்து நிமிட வேலை. முதல் உரம் கைக்கு வர மூன்று முதல் மூன்றரை மாதம் ஆகும். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தேன், சமைக்காத கழிவு மட்டும் மூன்றரைக் கிலோ வந்தது. கீழே உள்ள அளவுகள் எல்லாம் அந்தக் கணக்கில்.

1. இடமும் அனுமதியும்

சொந்த வீவக வீட்டில், உங்கள் வீட்டுக்குள் ஒரு வாளி வைக்க யாரிடமும் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. வாடகை வீடு அல்லது வாடகை அறை என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வாயால் கேட்டுவிட்டு விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, அவர் 'சரி' என்று சொன்னதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தால் அது உதவும். கொண்டோமினியம் என்றால் நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். பால்கனி விதிகள் ஒவ்வோர் இடத்திலும் வேறு.

வாளிக்கு மிகச் சிறந்த இடம் சமையலறையை ஒட்டித் துணி காயப்போடும் பகுதி. காற்று வரும், மழை படாது, வெயில் நேரடியாக விழாது. தாழ்வாரத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும். குடிமைத் தற்காப்புப் படையின் தூக்குப்படுக்கை போக வேண்டிய வழி அது. தண்ணீர்க் குழாய்ப் பெட்டியை மறைக்கக் கூடாது. தாழ்வாரச் சுவரின் மேல் எதையும் வைக்கவே கூடாது. நிறைந்த வாளி பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

பலர் பாம் ஷெல்டருக்குள் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை) வைக்கிறார்கள். வேண்டாம். அங்கே காற்றோட்டம் போதாது, நாற்றம் தங்கிவிடும்.

2. சருகு சேருங்கள், இரண்டு வாரம்

வாளி வாங்குவதற்கு முன்னால் இரண்டு பெரிய பை நிறையக் காய்ந்த பொருள் வீட்டில் இருக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

எங்கே கிடைக்கும்? சருகு என்றதும் எல்லோருக்கும் பூங்காதான் நினைவுக்கு வரும். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது, அங்கே போகாதீர்கள். உங்கள் வட்டாரத்தில் சமூகத் தோட்டம் இருந்தால் அங்கே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மூலையில் சருகு மூட்டை கிடக்கும், தந்துவிடுவார்கள். தரைவீட்டில் இருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. அங்சானா மரத்துடையது போன்ற மெல்லிய இலைகள் சீக்கிரம் மக்கும். மா, பலா இலைகள் தடிப்பானவை, கையால் நொறுக்கிப் போட வேண்டும். புளோக்கின் பக்கத்துப் புல்தரையிலிருந்து வரும் சருகில் சிகரெட் துண்டு, பிளாஸ்டிக் துணுக்கு இருக்கும். ஒரு தாளில் பரப்பிப் பொறுக்கிவிடுங்கள்.

சருகு கிடைக்காவிட்டால் தேங்காய் நார்த் தூள். செடிக் கடைகளில் அழுத்திய கட்டியாக விற்பார்கள். ஐந்து கிலோக் கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் அறுபது லிட்டருக்கும் மேல் பெருகும். ஆனால் நமக்கு அது ஊறியதாக வேண்டாம். இங்கேதான் நான் தவறினேன்: கடைக்காரர் சொன்னபடி முழுதும் ஊறவைத்துப் போட்டேன், ஏற்கெனவே ஈரமான வாளியில் இன்னும் ஈரம் சேர்ந்தது. கட்டியை உலர்ந்தபடியே சுத்தியலால் உடைத்து, உதிர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாள். பழைய தமிழ் முரசு நாளிதழ், பழுப்பு அட்டைப் பெட்டி, முட்டை அட்டை எல்லாம் சரி. விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் விளம்பரத் தாளும், ரசீதுத் தாளும் வேண்டாம். பெட்டியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை உரித்துவிடுங்கள். தாள் மட்டும் போட்டால் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம்போல் ஆகிவிடும், காற்றுப் போகாது. அதனால் சருகோடோ நார்த் தூளோடோ கலந்துதான் போட வேண்டும்.

சேர்த்த சருகு மூட்டையைத் தாழ்வாரத்தில் வைக்காதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. சீனர்களின் ஏழாம் மாதப் படையல் நேரத்தில் கீழே தாள் எரிப்பார்கள், பொறி மேலே பறக்கும். வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

3. வாளி

விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மூடியுள்ள 25 லிட்டர் வாளி இரண்டு. அவற்றோடு பழைய அரிசிச் சாக்கு ஒன்று, அகலமான தட்டு இரண்டு, சிறிய கைக்கரண்டி, தோட்டக் கையுறை. வாளியின் அடியில் பத்துத் துளை, பக்கவாட்டில் மேலும் கீழுமாக இருபது துளை, சுண்டுவிரல் நுனி அளவுக்கு. துளையிடும் கருவி இல்லாவிட்டால் சமூக மன்றத்தில் அல்லது பக்கத்து வீட்டில் இரவல் கேளுங்கள். கம்பியைச் சூடாக்கிக் குத்தும்போது வரும் பிளாஸ்டிக் புகை நல்லதல்ல. உள்பக்கம் பழைய கொசுவலைத் துணியை ஒட்டினால் ஈ புகாது.

வாளியை இரண்டு மரத்துண்டின் மேல் தூக்கி வையுங்கள், அடியில் தட்டு. தட்டைக் காலியாக விடாதீர்கள். அதில் நார்த் தூள் ஒரு கை பரப்புங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் ஒரு காசு அகலம் போதும், முட்டை ஏழு நாளில் கொசுவாகிவிடும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது செடித்தட்டைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார்கள், அபராதம் உண்டு. ஒன்றுவிட்டு ஒரு நாள் தட்டைப் பாருங்கள்.

மக்க வைக்கும் பொடி, திரவம் என்று இணையத்தில் நிறைய விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. யாரிடமாவது நல்ல மக்கு உரம் இரண்டு கை வாங்கி முதல் அடுக்கில் தூவுங்கள், தேவையான நுண்ணுயிர் அதிலேயே இருக்கிறது. புளித்த மோர் தெளிப்பதில் கெடுதல் இல்லை, ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். ஊரிலிருந்து பெட்டியில் மண்ணோ, சாணி எருவோ, மண்புழு உரமோ கொண்டுவர நினைக்காதீர்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் சாங்கி விமான நிலையத்தில் அதற்கு வழியில்லை.

4. எது போகலாம், எது கூடாது

காய்கறித் தோல், பழத் தோல், கீரைத் தண்டு, வாடிய கொத்தமல்லி, வெங்காயச் சருகு, டீத்தூள் எல்லாம் போகலாம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். டீ பையைப் பிரித்துத் தூளை மட்டும் எடுங்கள், பல பைகளில் பிளாஸ்டிக் இழை உண்டு. கோப்பிக் கடையில் கேட்டால் கோப்பிச் சக்கையைப் பையோடு தருவார்கள். பார்க்கக் கறுப்பாக, காய்ந்த மண்போல் இருப்பதால் பலர் அதைச் சருகுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது காய்கறித் தோல்போலப் பச்சைக் கழிவுக் கணக்குத்தான், வாரத்துக்கு இரண்டு கைக்கு மேல் வேண்டாம்.

வாழையிலை நன்றாக மக்கும், ஆனால் சாப்பிட்ட இலையைக் கழுவிய பிறகு. உப்பும் எண்ணெயும் உள்ளே போகக் கூடாது. சோறு, சாம்பார், ஊறுகாய், தயிர், மீன், கறி, கருவாட்டுத் தலை எதுவும் வேண்டாம். கரப்பானும் எலியும் முதலில் தேடி வருவது அவற்றைத்தான்.

சாமிப் படத்துக்குப் போட்ட பூ போகலாம். ஆனால் தேக்காவில் (லிட்டில் இந்தியா) வாங்கும் மாலையை நன்றாகப் பாருங்கள்: நூல் சிலவற்றில் நைலான், நடுவில் ஜிகினா, நுனியில் ஒரு பிளாஸ்டிக் மணி. ஒரு முறை நான் உருவாமல் போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து உரத்தைச் சலித்தபோது, பூ ஒன்றும் இல்லை, நூல் மட்டும் முழு மாலையாக வந்தது, ஜிகினா புதிதுபோல் மின்னியது. இப்போது வெள்ளிக்கிழமை மாலையைக் கழற்றியதும் பூவை அப்போதே உருவிவிடுகிறேன்.

'மக்கும் பை' என்று அச்சடித்த பைகளையும் போடாதீர்கள். பெரும்பாலானவை ஆலையின் சூட்டில்தான் மக்கும், நம் வாளிக்கு அந்தச் சூடு கிடையாது.

5. தினசரி வேலை

அடியில் நான்கு விரல் உயரம் சருகு, அதன் மேல் இரண்டு கை பழைய உரம். தொடக்கம் அவ்வளவுதான்.

இரவு சமையல் முடிந்ததும் அன்றைய கழிவை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, வடிதட்டில் பத்து நிமிடம் வையுங்கள். தர்பூசணித் தோல், வெள்ளரி என்றால் தாளில் ஒற்றி எடுங்கள். வாளியில் கொட்டுங்கள். ஒரு கிண்ணம் கழிவுக்கு, அதே கிண்ணத்தால் இரண்டு கிண்ணம் சருகு. நார்த் தூள் என்றால் ஒரு கிண்ணம் போதும். கைக்கரண்டியால் மேல்பகுதியை மட்டும் கிளறி, கடைசியாகக் கழிவு கண்ணில் படாதபடி சருகால் மூடுங்கள். கழிவு தெரிந்தால் மறுநாள் பழ ஈ வந்துவிடும்.

வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிவரை கிளறிவிட வேண்டும். அப்போது பிழிந்து பார்க்கும் சோதனையும் செய்யுங்கள். நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்து, கையைத் திறந்ததும் உருண்டை அப்படியே நின்று, தட்டினால் உதிர்ந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. தண்ணீர் மணிக்கட்டில் ஓடினால் அன்றே மூன்று கை சருகு சேருங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் அரிசி கழுவிய தண்ணீர் தெளியுங்கள். டிசம்பர், ஜனவரி அடைமழை வாரங்களில் எனக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு சருகு தேவைப்படுகிறது.

கையுறை கட்டாயம். சிங்கப்பூர் மண்ணில் மெலியோய்டோசிஸ் நோய்க் கிருமி உண்டு. கையில் உள்ள சிறு கீறல் வழியாகவும் அது உடலுக்குள் போகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம், நம் வீடுகளில் நீரிழிவு எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பெரியவர் ஆசையாகக் கிளற வந்தால் முதலில் கையுறையைக் கொடுங்கள். தூசி பறக்கும் காய்ந்த உரமென்றால் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வாளி நிரம்ப எனக்கு ஆறு வாரம் ஆகிறது. தினம் போட்டாலும் தினம் அமுங்கும். நிரம்பியதும் புதிய கழிவு போடுவதை நிறுத்தி, இரண்டாவது வாளியைத் தொடங்குங்கள். முதல் வாளி ஆறு முதல் எட்டு வாரம் ஆறட்டும், வாரம் ஒரு கிளறல் போதும். அதற்குள் இரண்டாவது வாளியும் நிரம்பிவிட்டால் முதல் வாளியில் இருப்பதை அரிசிச் சாக்குக்கு மாற்றுங்கள்.

6. கோளாறு வந்தால்

அழுகிய முட்டை நாற்றம்: ஈரம் அதிகம், காற்று இல்லை. எல்லாவற்றையும் பெரிய பேசினில் கொட்டி, சருகைத் தாராளமாகக் கலந்து, மறுபடி தளர்வாக நிரப்புங்கள். இரண்டு நாளில் அடங்கும். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, அதற்கும் சருகுதான் மருந்து.

எறும்பு வந்தால் வாளி காய்ந்திருக்கிறது, தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். வெள்ளைப் பூஞ்சை நல்ல அறிகுறி, விட்டுவிடுங்கள்.

தடித்த, பழுப்பு நிற, வரிவரியான புழுக்களைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்னும், நோய் பரப்பாது. வளர்ந்த ஈ சாப்பாட்டில் வந்து உட்காருவதும் இல்லை. ஆனாலும் அவை கூட்டமாக ஏறி வெளியே வந்தால் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. ஒரு வாரம் கழிவு போடுவதை நிறுத்தி, மேலே ஒரு சாண் சருகு போட்டு மூடினால் குறைந்துவிடும்.

7. ஆகிவிட்டதா என்று அறிவது

பார்க்கக் கறுப்பாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முழுதும் ஆகாத உரத்தை இட்டு என் தக்காளி நாற்று ஐந்தும் கருகின. இரண்டு சோதனை செய்யுங்கள். கொஞ்சம் உரத்தை ஈரமாக்கி, ஜிப் பையில் அடைத்து மூன்று நாள் வைத்துத் திறந்து முகருங்கள். மழைக்குப் பிறகான மண்வாசம் வந்தால் சரி, புளிப்போ நெடியோ வந்தால் இன்னும் இரண்டு வாரம் ஆகட்டும். அடுத்தது வெந்தயச் சோதனை: சிறு கிண்ணத்தில் உரம் நிரப்பிப் பத்து வெந்தயம் ஊன்றுங்கள். நான்கு நாளில் குறைந்தது எட்டு முளைத்து நேராக நின்றால் செடிக்குக் கொடுக்கலாம்.

பிறகு பழைய சல்லடையில் சலியுங்கள். மேலே தங்குவதை அடுத்த வாளியின் அடியில் போடலாம். ஒரு 25 லிட்டர் வாளியில் சுமார் பத்து லிட்டர் உரம் நிற்கும்.

8. செடிக்கு இடுவது

உரத்திலேயே செடி நடக் கூடாது. புதுத் தொட்டிக்கு மூன்று பங்கு மண், ஒரு பங்கு உரம். ஏற்கெனவே உள்ள செடிக்கு மேல்மண்ணைச் சற்றுக் கிளறி, இரண்டு சென்டிமீட்டர் உயரம் பரப்பி, தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கறிவேப்பிலைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். என் செடியில் இரண்டாவது முறை இட்ட பிறகுதான் கொழுந்து விட்டது. முதல் வாரமே பச்சையை எதிர்பார்க்காதீர்கள், மக்கு உரம் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

9. தோட்டம், பண்ணை அளவில்

வீட்டு வாளி பழகிவிட்டால் அடுத்த படி தேசிய பூங்காக் கழகத்தின் வாடகைத் தோட்டப் பாத்தி. இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர். நான் விண்ணப்பித்தபோது ஆண்டுக்கு 57 வெள்ளி, ஜிஎஸ்டி தனி, குத்தகை மூன்று ஆண்டு. இணையத்தில் விண்ணப்பம், குலுக்கலில்தான் கிடைக்கும். முதல் முறை கிடைக்காவிட்டால் அடுத்த அறிவிப்பு வரை காத்திருங்கள், அல்லது உங்கள் வட்டாரச் சமூகத் தோட்டக் குழுவில் சேர்ந்துவிடுங்கள், அதற்கு வட்டார வசிப்போர் கட்டமைப்பைக் (Residents' Network) கேட்டால் போதும். அந்தப் பாத்தி முழுக்க இரண்டு சென்டிமீட்டர் உரம் பரப்ப 50 லிட்டர் வேண்டும். ஐந்து வாளி, அதாவது ஏழெட்டு மாதச் சேமிப்பு. குத்தகை தொடங்கும் முன்பே சாக்கில் சேர்த்து வைக்கத் தொடங்குங்கள்.

பொதுத் தோட்டத்திலோ, கிராஞ்சி, லிம் சூ காங் பக்கப் பண்ணையிலோ செய்யும்போது முறை மாறும். குவியல் குறைந்தது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சூடு பிடிக்காது. நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு வந்து சில நாள் நின்றால்தான் களைவிதையும் நோய்க்கிருமியும் சாகும். நீண்ட தண்டுள்ள வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சூடு ஏறி இறங்கத் தொடங்கியதும் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டிப் போட வேண்டும், நான்கைந்து முறை. மேலே தார்ப்பாய் கட்டாயம்; மழையில் நனைந்தால் குவியலின் சூடு குறைந்துவிடும். கோழி எரு கிடைத்தால் குவியலில் கலக்கலாம், நேரடியாகக் கீரைக்கு இடாதீர்கள். இரண்டரை முதல் மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும்.

கோப்பிக் கடைச் சக்கையைக் கையில் தூக்கி வருவது வேறு, வண்டி வைத்துக் கடைகடையாகக் கழிவு திரட்டுவதைத் தொழிலாகச் செய்வது வேறு. அதற்குச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். தொடங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

10. ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே புதுக் கழிவு போடுவதை நிறுத்திவிடுங்கள். கடைசி நாள் அடிவரை கிளறி, பிழிந்து பார்த்து, மேலே ஒரு சாண் சருகு போட்டு மூடியை லேசாகத் திறந்து வையுங்கள். அடியிலுள்ள தட்டை முழுதும் எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாளிக்கு அடியில் மடித்த செய்தித்தாள் நான்கு. எதிர்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி, சாவி கொடுக்கும் வழக்கம் இருந்தால் வாளியும் செடியும் எங்கே என்று காட்டிவிட்டுப் போங்கள். போன தடவை நான் திரும்பி வந்தபோது எங்கள் ஆன்ட்டி தானே ஒரு முறை கிளறிவிட்டிருந்தார். அவருடைய பாண்டான் செடிக்கு இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு டப்பா உரம் இங்கிருந்துதான் போகிறது.